வானத்தில் வைத்த முகம்

பெனிஷாவுக்கு ஒரு குணம். ஒரு படத்தை வெட்டி இன்னொரு படத்தில் வைத்தால் வெட்டினது தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

சொந்த ஊர் நாசரேத். அங்கே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை செய்யப் போய், கோயில் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் போட்டோஷாப் பழகினவள். புருஷன் செல்வதுரை சாத்தான்குளத்துக்காரன், தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். கல்யாணச் சீராக வந்த பீரோவை விற்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் கலர் பிரிண்டர் ஒன்றும் வாங்கினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பீரோல சேலய வைக்கலாம். இதுல என்னத்தட்டி வைப்ப?" என்று கேட்டான் செல்வதுரை.

"ஒம்ம மூஞ்சிய வைப்பேன்," என்றாள்.

போன வருஷம்தான் கடற்கரைப் பக்கம் ஒரு சந்தில் மாடி வீடு வாடகைக்குக் கிடைத்தது. கீழ்வீட்டில் வீட்டுக்காரி விக்டோரியா. அவள் புருஷன் ரெக்சன், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். மாசத்தில் பாதி கடலில்தான். அந்தச் சந்தே அப்படித்தான். ஒரு வீட்டில் புருஷன் கப்பலில் இருப்பான், அடுத்த வீட்டில் மகன் மஸ்கட்டில் இருப்பான். வீட்டு விசேஷத்தில் எடுக்கிற போட்டோ எல்லாவற்றிலும் ஒரு ஆள் குறையும்.

அந்தக் குறையில்தான் பெனிஷாவுக்குப் பிழைப்பு கிடைத்தது. கோயிலில் முதல்முறை நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் கப்பலில் இருக்கும் தகப்பனைக் கொண்டுவந்து நிறுத்துவாள். பிறந்தநாள் அட்டையில் துபாய் மாமனும் ஊர் மாமியும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். தடித்த அட்டையில் அடித்து, மடிக்கிற இடத்தில் மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு கிழித்துத்தான் மடிப்பாள். வெறுமனே மடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளை இளிக்கும். முகத்தை வெட்டும்போது ஓரத்தைக் கொஞ்சம் கரைத்துவிடுவாள். அந்தக் கரைக்கிற வேலையில் அவளுக்கு அப்படி ஒரு ருசி.

எதிர்வீடு டெல்பின் வீடு. ஒரு நாள் உறைமோர் வாங்கப் போனபோது டெல்பின் குசினிக்குள் போய்விட்டாள். பெனிஷா முன்னறையில் நின்றாள். சுவரில் ஒரு பெரிய படம். கீழே கடல், கடலில் பாய் விரித்த ஒரு தோணி. மேலே மேகத்துக்குள் ஒரு ஆணின் முகம், மேகத்தோடு மேகமாகக் கரைந்து, லேசாகச் சிரித்துக்கொண்டு. யார் செய்தானோ, வெட்டினதே தெரியவில்லை. பெனிஷா வாயைப் பிளந்துவிட்டாள்.

"யாருக்கா இது?"

"எங்க அப்பா," என்றாள் டெல்பின் உள்ளிருந்து. "மோரு காணுமா, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

பேச்சு மோருக்குப் போய்விட்டது. படத்துக்கு மாலை கிடையாது. அடியில் பெயர் மட்டும் இருந்தது. நாசரேத்துப் பக்கம் இறந்தவர் படம் என்றால் பிறந்த தேதியும் இறந்த தேதியும் கட்டாயம் இருக்கும், தேதி இல்லாமல் யாரும் படம் மாட்ட மாட்டார்கள். பிறகு, அவள் ஊரில் சபைக்கு நூற்றாண்டு விழா என்றால் ஐயர்மார், அதாவது போதகர்மார், முகத்தை வானத்தில் வைத்துத்தான் அட்டை அடிப்பார்கள். வானம் மரியாதைக்கு உள்ள இடம். அதனால் டெல்பின் அப்பாவும் எங்கேயோ கப்பலில் இருக்கிற பெரிய ஆள் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள். இதை ஒருத்தியிடம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

தை மாசக் கடைசியில் விக்டோரியாவின் மகள் ரீனா மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"யக்கா, சனிக்கெழம அம்மா அப்பாவுக்கு இருவத்தஞ்சாவது கல்யாண நாளு. அப்பா கடல்ல இருப்பாவ. ரெண்டு பேரையும் சேத்து வச்சி ஒரு கார்டு செய்ங்கக்கா. கேக்கோட சேத்து சந்துல எல்லா வீட்டுக்கும் குடுக்கணும். அம்மாவுக்குத் தெரியவே கூடாது."

"அடிக்கதுக்கு முந்தி ஒனக்கு ஒருக்கா அனுப்புதேன்மா."

"வேண்டாம்க்கா. எனக்கும் சஸ்பென்ஸா இருக்கட்டும்."

வந்த போட்டோக்கள் ஒன்றுக்கொன்று சேரவே இல்லை. விக்டோரியா ஒரு கல்யாண வீட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் நின்றாள். ரெக்சனுக்கு நெஞ்சு வரைக்கும்தான் படம். தோணி மேல்தட்டில் உச்சி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விக்டோரியா தோளில் தபால்தலை ஒட்டின மாதிரி இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், வெயில் போகவில்லை. அப்போதுதான் டெல்பின் வீட்டுப் படம் ஞாபகம் வந்தது.

விக்டோரியாவைக் கரையில் நிறுத்தினாள். முன்னால் கடல், கடலில் ஒரு தோணி. ரெக்சன் முகத்தைப் பெரிதாக்கி வானத்தில் வைத்து, ஓரமெல்லாம் மேகத்தில் கரைத்துவிட்டாள். வெயில் தெரியாமலிருக்க முகத்தின் நிறத்தையும் பாதிக்கு மேல் குறைத்தாள். வானமும் முகமும் ஒரே நிறமாகிவிட்டன. உள்பக்கத்தில் பொன்னெழுத்தில் 'வெள்ளி விழா மணநாள் வாழ்த்துகள்'. செல்வதுரை பார்த்துவிட்டு, "ஏட்டி, சினிமா போஸ்டரு கெட்டுது போ," என்றான். அவனும் கடலைப் பாலத்தின் மேலிருந்து பார்க்கிற ஆள்தானே.

சனிக்கிழமை விடிந்தபோது காற்று பலமாக இருந்தது. விசைப்படகு ஒன்றுக்கும் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லை என்று சந்தில் ஆண்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். விக்டோரியா காலைப் பூசைக்குப் போய்விட்டாள். பெனிஷா கேக் தட்டையும் அட்டைக் கட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். முதலில் டெல்பின் வீடு.

டெல்பின் அட்டையை வாங்கினாள். பார்த்தாள். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ. அட்டையை இரண்டு கண்ணிலும் ஒற்றினாள். நெற்றியிலிருந்து நெஞ்சுக்குச் சிலுவை போட்டாள். உள்பக்கத்தை அவள் திருப்பவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அழுகிறாளே, படம் அவ்வளவு உருக்கமாக அமைந்துவிட்டது என்று பெனிஷா நினைத்தாள். நெஞ்சு பூரித்துப் போய் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அங்கேயும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கடுத்த வீட்டில் செல்லக்கிளி என்கிற பெண் கேக்கைத் தொடவே இல்லை, அட்டையை மட்டும் உருவிக்கொண்டு கதவைத் திறந்தபடி போட்டுவிட்டுக் கோயில் பக்கம் ஓடினாள். சந்தின் கடைசி வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கோயில் மணி கேட்டது. ஒரு அடி. நெடுநேரம் கழித்து இன்னொரு அடி.

துக்க மணி. யாரோ போய்விட்டார்கள், கல்யாண நாளும் அதுவுமாக இப்படியா என்று பெனிஷாவும் வருத்தப்பட்டுக்கொண்டே நடந்தாள். சந்துக்குள் வந்தால் கூட்டம் முழுக்க அவள் வீட்டு வாசலில். பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் டெல்பின் ஒப்பாரி வைத்தாள்.

"எங்க தண்டலே, கடல நம்பிப் போன எங்க ரெக்சன் அண்ணே!"

பெனிஷா நின்றுவிட்டாள். ரெக்சனா? எப்போது? யாருக்குச் செய்தி வந்தது? கையில் இருந்த தட்டு நழுவியது. தான் அடித்த அட்டை ஒவ்வொரு கையிலும் இருந்தது. அப்போதும் அவளுக்கு விளங்கவில்லை. கல்யாண நாள் அட்டை கொடுத்த நேரத்தில் சாவுச் செய்தி வந்துவிட்டதே என்றுதான் பதறினாள்.

சந்து முனையில் விக்டோரியா வந்தாள். தலையில் மல்லிகைப்பூ, காலில் செருப்பில்லை. மணி அடிப்பது யாருக்கு என்று கோயில்பிள்ளையிடம் கேட்டிருக்கிறாள். அந்த ஆள் கயிற்றை விட்டுவிட்டு அவளையே பார்த்தபடி நின்றிருக்கிறான். அங்கிருந்து ஓடி வந்திருக்கிறாள். கூட்டம் வழி விட்டது. செல்லக்கிளி அட்டையை நீட்டினாள். விக்டோரியா பார்த்தாள்.  வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கா சொன்னா? எங்கேருந்து தகவல் வந்துது?" என்று பெனிஷா டெல்பினைப் பிடித்து உலுக்கினாள்.

டெல்பின் அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தாள். "நீதான குடுத்த?"

"நான் குடுத்தது கல்யாண நாளு கார்டுக்கா!"

எல்லாம் நின்றது. ஒருத்தியின் கை மாருக்குப் போகிற வழியில் அப்படியே நின்றது. கடைசி வீட்டுச் செபாஸ்டின், தோணியிலேயே தலை நரைத்தவர், அட்டையைத் திறந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"வெள்ளி விழா மணநாள் வாழ்த்து... ஏளா பொண்ணே, ஒனக்குக் கிறுக்கா?"

"என்ன தாத்தா? நல்லாத்தான..."

"வானத்துல யாரளா வைப்பாவ? கடலுக்கு மேல மூஞ்சி இருந்தா அவன் எங்கன இருக்கான்? கடல்ல போயி வராதவனுக்குள்ள எடமளா அது. இந்தக் கரையில பச்சப்புள்ளக்கிக்கூடத் தெரியுமே!"

"டெல்பின் அக்கா வீட்டுல அவுங்க அப்பா படம் அப்படித்தான இருக்கு? மால கெடயாது, தேதி கெடயாது..."

 டெல்பின்தான் பேசினாள், மெல்ல.

"எந்தத் தேதியளா போட? தோணியும் வரல, ஆளும் வரல. எந்த நாளுன்னு யாருக்குத் தெரியும்?"

பெனிஷாவுக்கு உச்சந்தலையில் யாரோ பச்சைத் தண்ணீரை ஊற்றின மாதிரி இருந்தது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஓரம் ஓரமாகக் கரைத்தாளே, எதைக் கரைத்தாள்? உயிரோடு தோணி ஓட்டிக்கொண்டிருக்கிற ஒரு மனுஷனைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கடலுக்கு மேலே வைத்திருக்கிறாள். நாற்பது பிரதி.

திட்டினார்கள். "நாசரேத்துப் படிப்பு நாறுது," என்றாள் ஒருத்தி. "கம்ப்யூட்டரத் தூக்கிக் கடல்ல போடு," என்றாள் இன்னொருத்தி. அதெல்லாம் பெனிஷா காதில் விழுந்தது, ஏறவில்லை. விக்டோரியா ஒன்றும் திட்டவில்லை. எழுந்தாள். சேலையைத் தட்டினாள்.

"தப்பா அடிச்சிட்டா. சரி. அவியளுக்கு ஒண்ணுமில்ல. சரிதான?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.  காற்று பலமாக அடித்தது. செபாஸ்டின் கடல் பக்கம் பார்த்துவிட்டு, பார்த்ததை மறைக்கத் தலையைச் சொறிந்தார். விக்டோரியா அதைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கு அவிய சத்தம் கேக்கணும்," என்றாள்.

எங்கே கேட்பது? கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் போன் செத்துப்போகும், மாலத்தீவின் மாலே கரை தெரிகிற வரைக்கும் பேச வழி கிடையாது. தோணி முதலாளி வயர்லெசில் கூப்பிட்டுப் பார்த்தார். இரைச்சல்தான் வந்தது. உயிரோடு இருக்கிற ஆளை உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல அந்தச் சந்தில் ஒருவராலும் முடியவில்லை.

அதற்குள் ரீனா மஸ்கட்டிலிருந்து அலறினாள். எவளோ அட்டையைப் போட்டோ பிடித்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். அதைப் பார்த்து ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே விழுந்திருக்கிறாள் ரீனா. பெனிஷா விளக்கினாள். மறுமுனையில் ரீனா மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு அனுப்புதேன்னு சொன்னீயளே... நான்தானக்கா வேண்டாம்னேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெனிஷா வீடு வீடாகப் போய் அட்டைகளைத் திரும்ப வாங்கினாள். காலையில் கதவைத் தட்டின கை, மத்தியானம் தட்ட வரவில்லை. வாசலில் நின்று இருமினாள். டெல்பின் வீட்டில்தான் கடைசி.

"எங்க அப்பா உசுரோட இருக்காருன்னா நெனச்ச?" என்று கேட்டாள் டெல்பின்.

"ஆமக்கா. மன்னிச்சிருங்க."

டெல்பின் சுவரைப் பார்த்தாள். "எங்க அம்மா சாவுற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருந்தா. அதுக்குப் பெறவு நீ ஒருத்திதாம்ளா," என்று சொல்லி அட்டையைக் கொடுத்தாள். பெனிஷா மாடி ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விக்டோரியா மாடிக்கு வந்தாள். ராத்திரி அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்த எடு."

"யக்கா, அழிச்சிருதேன்க்கா..."

"அழிக்காத. அவியள கீழ எறக்கு. எம்பக்கத்துல நிக்க வையி. காலு தரையில இருக்கணும்."

பெனிஷா போட்டோவைத் திறந்து காட்டினாள். "அண்ணாச்சிக்கு நெஞ்சு வரைக்குந்தாங்க்கா போட்டோ இருக்கு. காலு இல்ல."

"காலு வையி," என்றாள் விக்டோரியா. அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

பெனிஷா செல்வதுரையைக் கிறிஸ்மஸ் வேட்டியைக் கட்டச் சொல்லி மொட்டைமாடியில் வெயிலில் நிறுத்தினாள். போட்டோ எடுத்து வந்து ரெக்சன் தலையை அவன் உடம்பில் வைத்தாள். விக்டோரியா திரையோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

"வயித்தக் கொற. அவியளுக்குத் தொப்ப கெடயாது."

பெனிஷா குறைத்தாள். பின்னால் நின்ற செல்வதுரை தன் வயிற்றைத் தடவிக்கொண்டான்.

"காலச் சேத்து வச்சிருக்காரு பாரு. அவிய அப்படி நிக்க மாட்டாவ. அகட்டித்தான் நிப்பாவ. வீட்டுக்குள்ள நின்னாலும் தோணி ஆடுதுன்னு நெனப்பு."

செல்வதுரை மறுபடியும் மொட்டைமாடிக்குப் போனான். "இன்னும் அகட்டும்," என்று விக்டோரியா கீழிருந்து கத்தினாள். "இன்னும் அகட்டுனா வேட்டி கிழியும்க்கா!" என்று அவன் மேலிருந்து கத்தினான். அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் உதடு ஒரு பக்கம் அசைந்தது.

இப்போது வெயில் வெயிலோடு சேர்ந்துவிட்டது. கழுத்தில் வெட்டின இடம் மட்டும் கோடாகத் தெரிந்தது. பெனிஷா பழக்கத்தில் ஓரத்தைக் கரைக்கப் போனாள். விக்டோரியா அவள் கையைப் பிடித்தாள்.

"கரைக்காத. தெரிஞ்சா தெரியட்டும்."

அந்த நேரத்தில்தான் விக்டோரியா மடியில் இருந்த போன் அடித்தது. வெளிநாட்டு எண். அவள் போனைப் பார்த்தாள், எடுக்கக் கை வரவில்லை. பெனிஷாதான் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏளா விக்டோரியா! சிம்கார்டப் போட்டா மடமடன்னு அனுதாபமா வந்து விழுது! நான் செத்துட்டனாமே? என்னளா நடக்கு அங்கன?"

 அங்கே எஞ்சின் சத்தமும் ஆட்கள் சத்தமும் கேட்டது.

"ஏளா, இருக்கியா?"

"பேசும்," என்றாள்.

"என்னத்தப் பேச?"

"என்னத்தையாவது பேசிக்கிட்டே இரும்."

அந்த மனுஷன் என்ன நினைத்தாரோ, பேசினார். காற்றில் தண்ணீர் ஏறி வெங்காய மூட்டை பாதி நனைந்துவிட்டது, முதலாளி வாயில் விழ வேண்டும், சமையல்கார ஆளுக்குக் காய்ச்சல், கஞ்சியில் உப்பே இல்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். விக்டோரியா கண்ணை மூடி, உப்பில்லாத கஞ்சியை வேதம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அந்தப் படத்த யாரு செஞ்சா?" என்று கேட்டார் கடைசியில். குரல் இறங்கிவிட்டது. "பாத்த ஒடன எங்க ஆளுவ எல்லாம் என்னத் திரும்பிப் பாக்கானுவ. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. கையத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்."

பெனிஷா நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றாள்.

"மாடிவீட்டுப் பொண்ணு," என்றாள் விக்டோரியா. "தெரியாம வச்சிட்டா. இப்பம் எறக்கிட்டோம்."

மறுநாள் விக்டோரியாவே புது அட்டைகளை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கினாள். வாங்கினவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்க்கவில்லை. முதலில் காலைத்தான் பார்த்தார்கள்.

"இது ரெக்சன் அண்ணன் காலு இல்லியே," என்றாள் டெல்பின்.

"வாடகக் காலு. மாடிவீட்டு டிரைவருக்குள்ளது. அவிய வந்து எறங்கட்டும், சொந்தக் கால வச்சி இன்னொன்னு அடிக்கச் சொல்லுதேன்."

டெல்பின் சிரித்தாள். சந்து முழுக்கச் சிரித்தது. பெனிஷா மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கதவும் திறக்கும்போது, மறுபடியும் ஒப்பாரி கேட்டுவிடுமோ என்று அவள் கை தானாகக் காதைப் பொத்தப் போயிற்று.